ஃபோர்சிதியா: நடுவது, வெட்டுவது, பெருக்குவது – குளிர்நாட்டு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் நடுவில் ரொறன்ரோப் பக்கம் மற்ற மரங்களும் புதர்களும் இலை விடவே யோசித்துக்கொண்டிருக்கும். அப்போது வேலியோரத்தில் ஒரு புதர் மட்டும், இலை ஒன்றுகூட வராத நிலையில், அடியிலிருந்து நுனி வரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதுதான் ஃபோர்சிதியா. ஸ்காபரோவின் பழைய வீடுகளில் ஐந்தாறு வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். வீடு வாங்கும்போதே சிலருக்குச் செடியும் சேர்ந்து வந்துவிடுகிறது; பெயர் தெரியாமலே வருடக்கணக்காக வைத்திருப்பார்கள்.

இந்தச் செடியைச் சாகடிப்பது கஷ்டம். களிமண், வறட்சி, கவனிப்பின்மை எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் பூ வராமல் செய்வது மிகச் சுலபம். "இலை நல்லாத்தான் இருக்கு, பூதான் வரல்ல" என்பதே இதைப் பற்றி அதிகம் கேட்கும் முறைப்பாடு. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: ஊர்க் குளிருக்குப் பொருந்தாத வகையை வாங்கியது, அல்லது தவறான மாதத்தில் வெட்டியது. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சின்ன வேலை.

கீழே சொல்லும் மாதக் கணக்கு தெற்கு ஒன்ராறியோவுக்கானது. இங்கிலாந்தின் லண்டனில் இருப்பவர்கள் ஒரு மாதம் முன்தள்ளிப் பாருங்கள். அங்கே மார்ச்சிலேயே பூத்துவிடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதை வளர்க்க முடியுமா என்றால், முடியாது. பூ மொட்டு விழிக்க வாரக்கணக்கில் குளிர் வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த மல்லிகையும் பவளமல்லியும் இருக்கின்றன. நட்டம் ஒன்றும் இல்லை.

எந்த வகையை வாங்குவது

கடையில் பூவின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படத்தில் எல்லா வகையும் ஒரே மாதிரிதான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி, பூ மொட்டு எத்தனை பாகை குளிரைத் தாங்கும் என்பது. செடி தாங்கும் குளிர் வேறு, மொட்டு தாங்கும் குளிர் வேறு. லேபிளில் போட்டிருக்கும் 'சோன்' எண் (எந்தக் குளிர் மண்டலம் வரை வளரும் என்பதற்கான எண்) பெரும்பாலும் செடிக்கானது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றால், செடியின் ஊரிலிருந்து. தோட்டங்களில் பரவலாக இருப்பது 'இன்டர்மீடியா' என்ற கலப்பினம். சீனாவைச் சேர்ந்த சஸ்பென்சா, விரிடிசிமா என்ற இரண்டு இனங்கள் கலந்து உண்டானது. 1878இல் ஜெர்மனியின் கேட்டிங்கன் தாவரவியல் தோட்டத்தில் கவனிக்கப்பட்டது. இரண்டு பெற்றோரும் ஓரளவு மிதமான குளிருக்குப் பழகியவை. அதனால் இன்டர்மீடியாவின் மொட்டுகள் மைனஸ் 20 பாகையைத் தாண்டிச் சில பாகை வரைதான் தாக்குப்பிடிக்கும். அயர்லாந்தில் கண்டெடுக்கப்பட்ட 'லின்வுட்' இந்தக் கூட்டத்தில் பெயர்பெற்றது. பெரிய பூ, நெருக்கமான பூ. ரொறன்ரோ, மிசிசாகா, ஏரியோரப் பகுதிகளுக்கு இது போதும்.

கொரியாவின் ஓவாட்டா இனம் வேறு ரகம். பூ சிறியது, ஆனால் குளிருக்கு அசையாது. அதை ஐரோப்பிய இனத்தோடு கலந்து ஒட்டாவாவில் கனடிய அரசின் வேளாண் ஆய்வாளர்கள் உருவாக்கியதுதான் 'நார்தர்ன் கோல்ட்'. அமெரிக்காவில் அதே இரண்டு இனங்களின் கலப்பில் வந்த 'மெடோலார்க்' மொட்டுகள் மைனஸ் 35 பாகை வரை போனாலும் பிழைக்கும். ஒட்டாவா, மொன்றியல், பேரி போன்ற இடங்களில் இருப்பவர்கள் இந்த இரண்டைத் தவிர வேறெதையும் வாங்காமல் இருப்பது நல்லது.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு செடி இருந்து, கடும் குளிர் அடித்த வருடத்தில் முழங்கால் உயரம் வரை மட்டும் பூத்து மேலே வெறுமையாக நின்றால், வகை பொருந்தவில்லை என்று அர்த்தம். ஸ்னோவுக்குள் மூடிக் கிடந்த மொட்டுகள் தப்பிவிட்டன. வெளியே நின்றவை கருகிவிட்டன. ஸ்னோ எவ்வளவு உயரம் கிடந்தது என்பதைப் பூவே கோடு போட்டுக் காட்டும். உரம் போட்டோ தண்ணீர் விட்டோ அதைத் திருத்த முடியாது.

அளவையும் பாருங்கள். லின்வுட்டும் நார்தர்ன் கோல்டும் எட்டு அடிக்கு மேல் உயர்ந்து, அதே அளவு அகலமும் பிடிக்கும். சின்ன முற்றத்துக்குக் குட்டை வகைகள் உண்டு. 'கோல்ட் டைட்' மூன்று அடிக்குள் நின்று அகலமாகப் பரவும். 'ஆர்னல்ட் டுவார்ஃப்' என்ற குட்டை வகையைச் சரிவுகளில் மண் அரிக்காமல் இருக்க நடுவார்கள். அது பூப்பது குறைவு, பூவுக்காக வாங்க வேண்டாம்.

இடம்

நேரடி வெயில் ஆறு மணி நேரம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நிழலில் செடி வளரும், கிளை நீளும், பூ குறையும். கராஜின் வடக்குப் பக்கம், பெரிய மேப்பிள் மரத்தின் அடி இரண்டும் உதவாது.

மண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். புதிய குடியிருப்புகளில் மேலே நாலு அங்குலம் நல்ல மண், கீழே இயந்திரம் மிதித்து இறுக்கிய களிமண் என்றுதான் இருக்கும். அதிலும் வரும். தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம் மட்டும் ஆகாது. மழைக்குப் பிறகு ஒரு நாள் கழித்தும் ஈரம் சொதசொதவென்று இருந்தால் வேறு இடம் பாருங்கள், அல்லது மண்ணை ஓர் அடி உயர்த்தி மேட்டில் நடுங்கள்.

வேலியிலிருந்து குறைந்தது நாலு அடி தள்ளி நடவும். ஒட்டி நட்டால் பாதிச் செடி பக்கத்து வீட்டில் பூக்கும், அவர் அதை எப்போது வெட்டுவார் என்பது உங்கள் கையில் இல்லை. டிரைவ்வேயின் வாசல் முனையிலும் வேண்டாம். காரைப் பின்னுக்கு எடுக்கும்போது நடைபாதையில் வரும் பிள்ளைகளை மறைக்கும். வரிசையாக உயிர்வேலி போலப் போடுவதானால் செடிக்குச் செடி நாலு முதல் ஆறு அடி இடைவெளி.

நடும் முறை

ஏப்ரல் கடைசி முதல் மே வரை ஒரு காலம், செப்டெம்பர் முதல் ஒக்டோபர் நடு வரை இன்னொரு காலம். செப்டெம்பரில் நர்சரிகள் விலையைக் குறைக்கும். மண்ணும் சூடாக இருக்கும், வேர் நன்றாகப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அந்தக் காலம்தான்.

குழி தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கால் (Ontario One Call) சேவையை அழைத்து, நிலத்தடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். இலவசம், சட்டப்படி செய்ய வேண்டியதும்கூட. சில நாள் எடுக்கும் என்பதால் செடி வாங்கும் முன்னரே கேட்டு வைக்கலாம்.

குழி, தொட்டியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். ஆழம் தொட்டியின் ஆழம்தான், ஓர் அங்குலமும் கூட வேண்டாம். தொட்டியைக் கழற்றினால் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். கத்தியால் பக்கவாட்டில் மூன்று நாலு கீறல் போட்டுக் கையால் பிரித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நட்டால் இரண்டு வருடம் கழித்தும் வேர் அதே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். தோண்டி எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, கையால் அழுத்தி, இரண்டு வாளி தண்ணீர் விடுங்கள். குழிக்குள் உரம் போடத் தேவையில்லை. மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்கு மரத்தூள் மல்ச் (மண் மூடாக்கு), தண்டைத் தொடாமல்.

முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் வாரத்துக்கு ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் வேண்டும். நவம்பரில் நிலம் இறுகுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை நன்றாக நனைத்துவிடுங்கள். அடுத்த வருடத்திலிருந்து அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். புல்வெளிக்குப் போடும் நைதரசன் உரம் இதன் அடியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் கிளையும் இலையும் மதாளித்து வரும், பூ குறையும்.

வெட்டுவது: எல்லாம் இதில்தான் இருக்கிறது

இந்த வருடம் ஏப்ரலில் பார்க்கும் பூ, போன வருடக் கோடையில் உருவான மொட்டு. பூ முடிந்ததும் புதுக்கிளை நீளும். யூலை, ஓகஸ்டில் அந்தக் கிளையின் கணுக்களில் அடுத்த வருட மொட்டு உட்கார்ந்துவிடும். குளிர்காலம் முழுக்க அது கிளையிலேயே காத்திருக்கும். ஆகவே ஓகஸ்டுக்குப் பிறகு எப்போது கத்தரிக்கோலை வைத்தாலும் வெட்டுப்படுவது பூதான்.

ஒக்டோபரில் தோட்ட வேலைக்காரர்கள் இயந்திரக் கத்தரியோடு வருவார்கள். எல்லாப் புதரையும் ஒரே மாதிரி உருண்டையாக, பெட்டியாகச் சீவிவிட்டுப் போவார்கள். பார்க்கத் துப்புரவாக இருக்கும். அடுத்த ஏப்ரலில் உள்ளே நாலைந்து பூ எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நாமே காசு கொடுத்துப் பூவை வெட்டுவிக்கிற கதை இது. வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் "இந்தப் புதரைத் தொட வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, எப்போது வெட்டுவது? பூ உதிர்ந்து இலை வரத் தொடங்கியதும், அதாவது மே மாதத்துக்குள். மிஞ்சிப்போனால் யூன் முதல் வாரம்.

எப்படி என்பதும் முக்கியம். நுனியைச் சீவக் கூடாது. செடியின் அடியில் குனிந்து பார்த்தால் நிலத்திலிருந்து பல தண்டுகள் கிளம்பியிருக்கும். அவற்றில் மிகத் தடித்த, பட்டை சொரசொரத்த, சாம்பல் நிறக் கிழத் தண்டுகளைத் தேடுங்கள். மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கை நிலத்தோடு ஒட்ட அறுத்து எடுங்கள். சின்னக் கைவாள் இருந்தால் வேலை சுகம். மேலே தலையை விட்டுவிடுங்கள், அது வில் போல வளைந்து விழுவதுதான் இந்தச் செடியின் இயல்பு. ஒவ்வொரு வருடமும் இப்படிச் செய்தால் மூன்று நாலு வருடத்தில் செடி முழுவதும் புதுத் தண்டாக மாறியிருக்கும். பூவும் அடியிலிருந்து நுனி வரை வரும்.

முந்தைய வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன, காடாகிப்போன புதர் என்றால் முழுவதையும் மார்ச்சில் நிலத்திலிருந்து ஆறு அங்குலம் விட்டு வெட்டிவிடலாம். முரட்டு வைத்தியம்தான், ஆனால் செடி தாங்கும். அடுத்த வசந்தத்தில் பூ இருக்காது அல்லது கொஞ்சம்தான் இருக்கும். அதற்கடுத்த வருடத்திலிருந்து சரியாகும். கோடையில் அடியிலிருந்து ஏராளமாகக் கிளம்பும் தளிர்களில் பலமானவற்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

பெருக்குவது

விதையை மறந்துவிடுங்கள். ஃபோர்சிதியாவில் இரண்டு வகைப் பூ உண்டு: ஒன்றில் சூல்தண்டு நீளம், மற்றதில் குட்டை. ஒரு செடியில் ஒரு வகைதான் இருக்கும். விதை பிடிக்க ஒன்றின் மகரந்தம் மற்றதுக்குப் போக வேண்டும். ஒரு ஊரில் விற்பனையாகும் செடிகள் பெரும்பாலும் ஒரே தாய்ச்செடியின் தடியிலிருந்து வந்தவை என்பதால் எல்லாம் ஒரே வகையாக இருந்துவிடும். அதனால் காய் பார்ப்பதே அரிது.

ஆனால் தடி ஊன்றினால் பிடிக்கும். கிளுவைக் கதியால் போட்டு வேலி அடைத்துப் பழகிய கைக்கு இது புது வித்தை ஒன்றும் இல்லை. நாலு வழி உண்டு.

எல்லாவற்றிலும் சோம்பேறித்தனமானது பதியம். மே மாதத்தில், நிலத்தைத் தொடுகிற மாதிரி வளையும் இளங்கிளை ஒன்றைத் தெரிந்தெடுங்கள். நுனியிலிருந்து ஓர் அடி உள்ளே, ஒரு கணுவுக்கு அடிப்பக்கம் பட்டையை இலேசாகக் கீறி, மூன்று நாலு அங்குலம் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி மண்ணுக்கு வெளியே நிற்க வேண்டும். கோடையில் அந்த இடம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த ஏப்ரலில் தாய்ச்செடியோடு உள்ள தொடுப்பை வெட்டி, வேரோடு எடுத்து நடலாம். பல புதர்களில் இந்த வேலையைச் செடியே செய்து வைத்திருக்கும். வளைந்த கிளை நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் இழுத்துப் பாருங்கள், வராவிட்டால் வேர் விட்டிருக்கிறது.

ஒன்றிரண்டு போதும் என்றால் அடிக்கன்று இன்னும் சுலபம். மார்ச் கடைசியில், மண் இளகியதும், புதரின் ஓரத்தில் தனியாக முளைத்த தண்டை மண்வெட்டியால் வேரோடு பிளந்து எடுத்து, உயரத்தைப் பாதியாக வெட்டி, அன்றைக்கே நட்டுவிடுங்கள்.

நிறையச் செடி வேண்டுமென்றால், வேலி வரிசை முழுவதும் போட வேண்டுமென்றால், இளந்தண்டு வெட்டு:

1. யூன் நடுவிலிருந்து யூலை நடுவுக்குள், காலையில், அந்த வருடம் வளர்ந்த கிளைகளின் நுனியில் ஐந்தாறு அங்குலம் வெட்டுங்கள். வளைத்தால் நெகிழ வேண்டும், தளதளவென்றும் இருக்கக் கூடாது.
2. அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். இந்த இனங்களின் தண்டு கணுக்களுக்கு இடையில் பொள்ளலாகவோ அறை அறையாகவோ இருக்கும், கணுவில்தான் கெட்டி. இடையில் வெட்டினால் தண்ணீர் புகுந்து அழுகும். தோல்விகளில் பாதி இதனால்தான்.
3. கீழ்ப்பாதி இலைகளை எடுத்துவிட்டு, மேலே இரண்டு மூன்று சோடி மட்டும் வையுங்கள். வேர் ஹார்மோன் தூள் இருந்தால் தொட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் வேர் வரும்.
4. பீட் மாஸும் பெர்லைட்டும் பாதிப் பாதி கலந்த தொட்டியில் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, நனைத்து, தெளிவான பிளாஸ்ரிக் பையால் மூடுங்கள். பை இலையைத் தொடாதபடி இரண்டு குச்சி நட்டுவிடுங்கள்.
5. வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர்வெயில் பட்டால் பைக்குள் வெந்துவிடும்.

மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் மெல்ல இழுத்தால் பிடிப்புத் தெரியும். அப்புறம் பையைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கி, தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். முதல் குளிர்காலம்தான் ஆபத்து: தொட்டி மண் சுற்றிவர உறைந்துவிடும். தொட்டியோடு காய்கறிப் பாத்தியில் கழுத்துவரை புதைத்து, மேலே காய்ந்த இலையைக் குவித்துவிட்டால் தப்பிவிடும். சூடாக்காத கராஜிலும் வைக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மறக்கக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அதற்கு உறக்கம் தேவை.

கடைசி வழி முற்றிய தடி. இலை உதிர்ந்த பிறகு நவம்பர் கடைசியில், அல்லது மார்ச்சில் மொட்டு விரியும் முன், பென்சில் தடிமனுள்ள ஒரு வயதுக் கிளையை எட்டுப் பத்து அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். அடி நேர்வெட்டு, தலை சாய்வெட்டு; அப்போதுதான் தலைகீழாக ஊன்ற மாட்டீர்கள். மார்ச்சில் வெட்டியதை, மண் இளகியதும் நேராக நிலத்தில் ஊன்றலாம், இரண்டு மொட்டு மட்டும் வெளியே தெரிய. நவம்பரில் வெட்டியதை ஈரமணலில் கட்டாக வைத்துக் கராஜில் போட்டு, வசந்தத்தில் ஊன்றுங்கள். எல்லாம் பிடிக்காது, தேவைக்கு இரண்டு மடங்கு ஊன்றுவது புத்தி.

இப்படி வளர்த்தவை மூன்றாவது வருடத்தில் ஓரளவு பூக்கும். ஒன்று கவனியுங்கள்: புதிய வகைகள் சிலவற்றுக்கு உரிமைப் பதிவு இருக்கிறது, பெருக்கக் கூடாது என்று லேபிளிலேயே இருக்கும். லின்வுட் போன்ற பழைய வகைகளில் அந்தச் சிக்கல் இல்லை.

கிளையை வீட்டுக்குள் பூக்க வைப்பது

பெப்ரவரியில் இருந்தே இதைச் செய்யலாம். உறைபுள்ளிக்கு மேலே வெப்பம் போன ஒரு நாளில், மொட்டு நெருக்கமாக உள்ள கிளைகளை இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பெப்ரவரியில் வெட்டினால் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் வெட்டினால் ஒரு வாரத்துக்குள் விரியும். சித்திரை வருடப்பிறப்புக்கு மஞ்சள் பூ வேண்டுமென்றால் ஏப்ரல் 6, 7 வாக்கில் வெட்டி வையுங்கள். வெளியே செடி பூக்க அந்த நாளுக்குள் முடியாமல் போகலாம், ஜாடிக்குள் பூத்துவிடும். பூ முடிந்த பிறகும் தண்ணீரில் விட்டு வைத்தால் சில கிளைகள் அங்கேயே வேர் விடும், அதையும் நடலாம்.

நோய், பூச்சி, இன்னும் சில

அதிகம் இல்லை. தண்டில் முடிச்சு முடிச்சாகக் கழலை வந்தால் அதற்குக் கீழே ஆரோக்கியமான இடத்தில் வெட்டி, குப்பையில் போடுங்கள், கொம்போஸ்டில் போட வேண்டாம். யூனில் இலையில் சிறு கரும்புள்ளிகள் விழுந்தால் அது ஒரு வகைச் சாறுறிஞ்சிப் பூச்சி. சில வாரத்தில் தானே போய்விடும். குளிர்காலத்தில் முயல் இளம்பட்டையைக் கடிக்கும், முதல் இரண்டு வருடம் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள்.

தேனீக்களுக்காகத் தோட்டம் போடுகிறவர்கள் இதை நம்பிவிடாதீர்கள். இவ்வளவு பூ இருந்தும் தேனீக்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். பக்கத்திலேயே இந்த மண்ணுக்குரிய சர்வீஸ்பெரி ஒன்றையும் வைத்தால் அவற்றுக்கும் சாப்பாடு, பறவைகளுக்கும் பழம்.

ஃபோர்சிதியா பூத்துவிட்டதே என்று தக்காளி, மிளகாய்க் கன்றுகளை வெளியே வைத்துவிட வேண்டாம். அதற்குப் பிறகும் உறைபனி வரும். மே பிற்பாதியில் வரும் விக்டோரியா தினம் கழியட்டும். இந்தப் பூ காலம் சொல்வது இன்னொரு வேலைக்கு. புல்வெளியில் கிராப்கிராஸ் என்ற களைப்புல் முளைக்கத் தொடங்கும் மண் சூடு ஏறத்தாழ இது பூக்கும் நாட்களை ஒட்டி வரும். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டங்களுக்கு 2009 முதல் இரசாயனக் களைக்கொல்லிகள் பெரும்பாலும் தடை, ஆனால் கோர்ன் குளூட்டன் மீல் என்ற சோளத்தூள் போடலாம். பூ விரிந்து நிற்கும்போதே போட்டுவிட வேண்டும். முளைத்த பிறகு அது ஒன்றும் செய்யாது. கீரையோ கொத்தமல்லியோ விதைக்கப்போகும் பாத்திப் பக்கம் மட்டும் அதைத் தூவாதீர்கள், அது களை விதை, கீரை விதை என்று பார்ப்பதில்லை.